லண்டனில் ஜாகை

லண்டனுக்குப் புறப்படும் நம்மவர்கள் பிரயாணச் சீட்டுக்கும், விசாவுக்கும், கம்பளிச் சட்டைக்கும் எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் நாலில் ஒரு பங்குகூட, அங்கே போய்த் தலை சாய்க்கப் போகும் இடத்தைப் பற்றி எடுத்துக்கொள்வதில்லை. "போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார் சிலர். "நல்ல ஹோட்டலாகப் பார்த்து ஏற்பாடு செய்துவிடுங்கள்" என்று பிரயாண ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார் வேறு சிலர். இவ்விரு சாராரும் அந்நகரில் கால் வைத்த மூன்றாம் நாள் பணப்பையைத் திறந்து பார்த்துத் திடுக்கிடுவது வழக்கமாகிவிட்டது.

லண்டனின் நடுப்பகுதியில் சாதாரணமான ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவுக்கு 150 இங்கிலீஷ் பவுன் கேட்பது இன்று அதிசயமன்று. ஒரு பவுன் நமது நாணயத்தில் 100 ரூபாய்க்கு மேல். ஆக, ஓர் இரவுத் தூக்கத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நமது ஊர்களில் தனியார் பள்ளிக்கூட உபாத்தியாயர் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் அவ்வளவுதான். இத்தொகையைக் கொடுத்துவிட்டு வருந்தாதவர்களுக்காக நாம் இதை எழுதவில்லை. மகனுடைய பட்டமளிப்பு விழாவைக் காண நகையை அடகு வைத்துப் போகும் தகப்பனார், கல்லூரி விடுதி திறப்பதற்கு முன் பத்து நாள் எங்கேயாவது தங்கியாக வேண்டிய மாணவர், சர்வதேச மகாநாட்டுக்குச் சங்கத்தின் பணத்தில் போகும் தொழிற்சங்க ஊழியர், பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் பழைய இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளைப் பார்க்கப் போகும் ஆராய்ச்சியாளர் ஆகியோருக்காகவே எழுதுகிறோம். பொதுப் பணத்தில் போகிறவருக்கு இவ்விஷயத்தில் கடமை இரட்டிப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனில் மலிவான அறை கிடையவே கிடையாது என்பது ஒரு கட்சி. மலிவான அறையில் தங்குவது இந்தியருக்கு அகௌரவம் என்பது இன்னொரு கட்சி. இவ்விரண்டையும் ஒருங்கே மறுப்பதற்கு நமக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

1888ஆம் வருஷம் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சேர்ந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி முதலில் இறங்கிய இடம், நார்த்தம்பர்லாண்ட் அவென்யூவில் அப்போது புதிதாக எழும்பியிருந்த விக்டோரியா ஹோட்டல். பத்தொன்பது வயது வாலிபர், ஊருக்குப் புதியவர். சில நாளில் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது கைக்கு வந்த பில் 3 பவுன். அதைக் கண்டு தாம் அதிர்ந்துபோனதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இவ்வளவு கொடுத்தும் அங்கே அவர் வயிறாரச் சாப்பிடவுமில்லை. மாமிசமில்லாத பண்டங்கள் ருசிக்கவில்லை. பம்பாயிலிருந்து கொண்டு வந்திருந்த தின்பண்டங்களைக் கொண்டே பெரும்பாலும் பசியாறினார். அதற்குப் பிறகு ஒரு குடும்பத்தோடு வாசம். பிறகு சொந்தத்தில் இரண்டு அறை. அதற்கும் பிறகு ஒரே அறை. ஓர் அடுப்பு வாங்கிவைத்துக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். மத்தியானம் மட்டும் வெளியில் சாப்பாடு. இரவு ரொட்டியும் கோக்கோவும். இப்படியாகச் சாப்பாட்டுச் செலவை நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்குக் குறைத்தார்.

நேயர்கள் இதில் கவனிக்க வேண்டியது கஞ்சியையும் கோக்கோவையும் அல்ல. அறையை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதையே கவனிக்க வேண்டும். அலுவலுள்ள இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை பார்த்தார். அதனால் வண்டிச் சத்தம் மிச்சம். நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடையும் கிடைத்தது. வாடகையும் வண்டிச் சத்தமும் சாப்பாடும் மூன்று தனிக் கணக்குகள் அல்ல, ஒரே கணக்கில் எழுதிக் கூட்ட வேண்டியவை என்பதை அந்த வாலிபர் கண்டுகொண்டார். இன்று லண்டன் போகிறவரும் இந்த ஒன்றைக் கண்டுகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும்.

அவரே 1931ல் வட்டமேஜை மகாநாட்டுக்குக் காங்கிரஸின் ஏகப் பிரதிநிதியாகப் போனபோது, லண்டனில் எந்த ஹோட்டலும் அவரை வரவேற்கக் காத்திருந்தது. மகாநாடு நடந்த செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்குப் பக்கத்திலேயே தங்கவேண்டுமென்று நண்பர்களும் வற்புறுத்தினார்கள். மகாத்மாவோ, கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளர் நிறைந்த போ என்னும் பகுதியில் மிஸ் மூரியல் லெஸ்டர் நடத்திவந்த கிங்ஸ்லி ஹாலின் மொட்டைமாடியில் ஒரு சிற்றறையில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வாரம் தங்கினார். அந்த அறை இன்றும் அப்படியே இருக்கிறது. சாம்ராஜ்யத்தின் மந்திரிகளோடு சரிசமமாக உட்கார்ந்து வாதாடியவருக்கு அந்த அறையினால் அந்தஸ்து குறைந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். லண்டன் ஹோட்டல் வாடகை என்பது நம்மூர் லாட்ஜில் பலகையில் எழுதி மாட்டியிருக்கும் நிலையான தொகை அன்று. விமானச் சீட்டைப் போல அது நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும். காலி அறை குறையக் குறைய விலை ஏறும். வங்கிகள் மலிந்த 'சிட்டி' வட்டாரத்தில் வர்த்தகர்கள் ஊர் திரும்பிவிடும் சனி, ஞாயிறுகளில் வாடகை இறங்கும். உல்லாசப் பிரயாணிகள் மொய்க்கும் வட்டாரங்களிலோ சனிக்கிழமை இரவு விலை உச்சியில் நிற்கும். ஞாயிறு இரவு சரியும். கிறிஸ்துமஸ் ஆரவாரம் ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அகப்படும் அறை, விம்பிள்டன் டென்னிஸ் பந்தயம் நடக்கும் ஜூன் கடைசியிலும் ஜூலை ஆரம்பத்திலும் அதே விலைக்கு அகப்படாது. போகும் தேதியை இரண்டு நாள் முன்பின்னாக மாற்ற முடிகிறவர் ஏஜெண்டின் தயவில்லாமலே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம்.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. ஒரே அறைக்கு இரண்டு விலை காட்டுவார்கள். ரத்துச் செய்தால் பணம் திரும்பாது என்னும் நிபந்தனையோடு கூடியது மலிவு. திரும்பும் என்பது சற்று அதிகம். விசா கைக்கு வராதவர் மலிவைக் கண்டு முதலாவதில் பணத்தைக் கட்டிவிடக்கூடாது. விசா தாமதமானாலோ மறுக்கப்பட்டாலோ ஹோட்டல்காரரிடம் முறையிட்டுப் பயனில்லை. வரி விஷயத்தில் கவலை வேண்டாம். அங்கே ஹோட்டல் அறைக்கு 20 சதவிகிதம் மதிப்புக் கூட்டு வரி உண்டு. ஆனால் அது காட்டும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். முதலில் ஒரு விலையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்க்கும் தந்திரத்தை 2024ஆம் வருஷச் சட்டமொன்று தடுத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது.

மலிவான அறைகளில் பல ஜாதி உண்டு. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கெதிரே ஆர்கைல் சதுக்கம், பாடிங்டன் பக்கம் நார்ஃபோக் சதுக்கம், சஸ்ஸெக்ஸ் கார்டன்ஸ், அப்பால் விக்டோரியா, ஏர்ல்ஸ் கோர்ட் ஆகிய இடங்களில் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முற்பட்ட குடித்தன வீடுகளைத் தடுத்து ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். காலை ஆகாரத்தோடு அறை என்பது இவற்றின் முறை. வீடு குறுகல், மாடி நாலு, பலவற்றில் லிப்ட் கிடையாது. நாம் ஒரு சமயம் தங்கிய அப்படிப்பட்ட ஹோட்டல் ஒன்றில் (பெயர் இங்கே அவசியமில்லை) விளம்பரப் படத்தில் விசாலமாகத் தெரிந்த அறை, நேரில் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் வழியாகப் பாதசாரிகளின் பாதங்களை மட்டும் தரிசிக்கலாம். ஆனால் படுக்கை சுத்தம், வெந்நீர் தாராளம், ஸ்டேஷன் நாலடியில். விலையை நினைத்தால் குறை சொல்வதற்கில்லை. நம்மவர்கள் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி கொண்டு போவது வழக்கமாதலால், அறை எந்த மாடி, லிப்ட் உண்டா, குளியலறை உள்ளேயா பொதுவா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நலம். பொதுக் குளியலறை என்றால் வாடகை குறையும். அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பிரீமியர் இன், டிராவலாட்ஜ் முதலிய தொடர் ஹோட்டல்களில் எல்லா ஊரிலும் ஒரே அளவு, ஒரே தரம். ஏமாற்றமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. 2005ல் சவுத் கென்சிங்டனில் ஆரம்பமான ஈஸிஹோட்டல் வகையில் ஜன்னலே இல்லாத அறைகள்கூட உண்டு. ஓர் இரவுக்குச் சகிக்கலாம். வயோதிகரான பெற்றோரை ஒரு வாரம் அதில் அடைப்பது தர்மமன்று.

இவற்றையெல்லாம்விட நாம் சிபாரிசு செய்வது சர்வகலாசாலை விடுதிகளையே. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட, லண்டன் பொருளாதாரக் கல்லூரி போன்ற ஸ்தாபனங்கள் தங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. ஏறக்குறைய ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரையில் இது நடக்கிறது. நகரின் நடுவிலேயே தனியறை, மேஜை, நாற்காலி, விளக்கு. சிலவற்றில் பொதுச் சமையலறையும் உண்டு. ஒரு கைப்பிடி அரிசியும் ஊறுகாயும் கொண்டு போனவருக்குச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. பட்டமளிப்பு விழாக்கள் பல ஜூலையில் நடப்பதால் பெற்றோர்களுக்கு இது மிகவும் பொருந்தும். 1930ல் ஏற்பட்ட இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதிகளும் இருக்கின்றன. பெயரைக் கண்டு நரை விழுந்தவர் தயங்க வேண்டாம், வயது வரம்பில்லை. அங்கே படுக்கைக்கு இவ்வளவு என்று கணக்கு. குடும்பத்துக்குத் தனியறையும் தருவார்கள்.

தூரத்தைப் பற்றி முன்னே சொன்னோம். லண்டன் ரயில்வேக்கள் நகரை மையத்திலிருந்து வளையம் வளையமாகப் பிரித்துக் கட்டணம் வாங்குகின்றன. வெளி வளையத்துக்குப் போகப் போக வாடகை இறங்கும், ரயில் கட்டணம் ஏறும். ஒருவர் தனியாகப் போனால் ஸ்ட்ராட்போர்ட், இல்போர்ட், ஈஸ்ட் ஹாம், வெம்பிளி போன்ற இடங்களில் தங்கி ரயிலில் வந்துபோவது பெரும்பாலும் லாபமே. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் ஈழத்துச் சகோதரர்கள் பெருவாரியாகக் குடியேறியிருப்பதால் இட்லிக்கும் குறைவில்லை, கோயிலுக்கும் குறைவில்லை. நாலு பேர் கொண்ட குடும்பமாயின் நாலு பேருக்கும் ரயில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டும். அங்கே ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்று உச்ச வரம்பு உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையிலும் மாலை 4 முதல் 7 வரையிலும் கட்டணம் அதிகம். மியூசியம் பார்க்கப் போகிறவர் பத்து மணிக்குப் புறப்பட்டால் ஒன்றும் முழுகிவிடாது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தும் அதிவேக ரயிலைத் தேட வேண்டாம்; பிக்கடில்லி பாதை ரயில் ஏர்ல்ஸ் கோர்ட், ரஸ்ஸல் சதுக்கம், கிங்ஸ் கிராஸ் மூன்றுக்கும் நேரே கொண்டு சேர்க்கும்.

வக்கீல் தொழிலில் பழகியவராதலால் சட்ட விஷயமாக இரண்டு வார்த்தை. முழு வீட்டையும் சில நாளுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் ஏர்பிஎன்பி முதலிய கம்பெனிகளால் பெருகியிருக்கிறது. 2015ஆம் வருஷத்துச் சட்டப்படி லண்டனில் ஒரு வீட்டை வருஷத்துக்கு 90 இரவுக்கு மேல் இப்படி விடுவதற்கு நகரசபையின் விசேஷ அனுமதி வேண்டும். கம்பெனியின் வழியாக அல்லாமல் தனியே பணம் அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரரிடம் ஜாக்கிரதையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர்களுக்கோ வேறு ஆபத்து. கண்ணால் காணாத அறைக்கு ஆறு மாத வாடகையை முன்பணமாக அனுப்பி, போய்ப் பார்த்தால் அந்த விலாசத்தில் வேறொருவர் குடியிருக்கும் பரிதாபம் நடக்கிறது. 2019ஆம் வருஷச் சட்டப்படி அறையை நிறுத்திவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேற்படக்கூடாது. ஜாமீன் தொகையும் சாதாரணமாக ஐந்து வார வாடகைக்கு மேற்படக்கூடாது. அதற்குமேல் கேட்பவர் சட்டம் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்த மோசக்காரர். முதல் பத்து நாளுக்கு விடுதியில் இடம் பிடித்துக்கொண்டு, அறையை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இது நிற்க. லண்டனில் இந்தியனுக்கு அறை கிடைப்பது பணத்தை மட்டும் பொறுத்திராத காலம் ஒன்று இருந்தது. கதவைத் திறந்து நிறத்தைப் பார்த்ததும் "இடமில்லை" என்று சாத்திய வீட்டுக்காரிகள் எத்தனையோ பேர். அந்த அவமானத்துக்குப் பதிலாகவே ஸ்ரீ சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலையில் ஹைகேட் பகுதியில் 65, கிராம்வெல் அவென்யூ என்ற வீட்டில் இந்தியா ஹவுஸைத் திறந்தார். மாணவர்களுக்குத் தங்க இடம். கூடவே சுதந்திரப் பேச்சு. வரகனேரி வ. வே. சு. ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காகச் சென்று அந்த வீட்டில்தான் தேசபக்தர்களோடு கூடினார். 1909ல் கர்ஸன் வைலி கொல்லப்பட்ட பிறகு அந்த ஸ்தாபனம் நிலைக்கவில்லை. உடனே சர்க்காருக்கு இந்திய மாணவர்களின் சௌகரியத்தில் திடீர் அக்கறை பிறந்தது. 1910ல் 21, கிராம்வெல் ரோடில் அவர்களுக்கு ஒரு ஜாகை ஏற்பாடாயிற்று. படுக்கையோடு வேவும் சேர்ந்து கிடைக்குமென்று மாணவர்கள் அதைச் சந்தேகித்தார்கள், சந்தேகத்துக்குக் காரணமில்லாமலில்லை.

கணித மேதை ராமானுஜன் 1914 ஏப்ரலில் லண்டனில் இறங்கிச் சில நாள் தங்கியதும் இந்த 21ஆம் நம்பர் வீட்டிலேதான். பிறகு கேம்பிரிட்ஜில் அவருக்குக் கல்லூரி அறை கிடைத்தது. இரவில் குளிர் தாங்கவில்லை என்று மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுப்பாராம். நண்பர் மஹலனோபிஸ் போய்ப் பார்த்தபோது, கம்பளிகள் எல்லாம் படுக்கையிலேயே இறுக்கிச் செருகியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அந்த மகா மேதைக்கு யாரும் சொல்லவில்லை. அந்நிய நகரில் அறை கிடைத்தால் மட்டும் போதாது, அங்கே நம்மவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியவை சில உண்டு என்பதற்கு இதைவிட உருக்கமான அத்தாட்சி நாம் அறியோம்.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் ஒரு தமிழர். சேலத்தில் 1876ல் பிறந்த கே. டி. பால், இந்திய வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியப் பொதுக் காரியதரிசியாக அமர்ந்த முதல் இந்தியர். அவருடைய முயற்சியால் 1920ல் லண்டனில் இந்திய மாணவர் விடுதி ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்தில் நியூஸிலாந்துச் சிப்பாய்களுக்காகக் கட்டிய 'ஷேக்ஸ்பியர் குடிசை' என்னும் மரக் கொட்டகையில் ஆரம்பம். பிறகு கோவர் வீதிக்கு மாறிற்று. இரண்டாம் யுத்தத்தில் குண்டு விழுந்து அந்தக் கட்டடம் அழிந்தது. அதோடு விட்டுவிடவில்லை. உணவுப் பங்கீடு இன்னும் நீங்காத 1953ல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழும்பியது. இன்றும் அங்கே எம்மதத்தவரும் தங்கலாம். அறையோடு காலை ஆகாரமும் உண்டு. வாரன் வீதி ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். நமது நேயர்களில் லண்டன் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டிய விலாசம் இதுவே.

நிறபேதம் ஹோட்டல்களையும் விடவில்லை. 1943ல் மேற்கிந்தியத் தீவுகளின் கீர்த்தி பெற்ற கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு மனைவி மகளோடு ரஸ்ஸல் சதுக்கத்து இம்பீரியல் ஹோட்டலுக்குப் போனபோது, ஓர் இரவுக்கு மேல் தங்கக்கூடாது என்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். தக்க காரணமின்றிப் பிரயாணியைத் திருப்பியனுப்பச் சத்திரக்காரனுக்கு உரிமையில்லை என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். 1944ல் நீதிபதி பெர்க்கெட் கான்ஸ்டன்டைன் பக்கமே தீர்ப்பளித்தார். நஷ்டஈடு 5 கினி. தொகை அற்பம்; நியாயம் பெரிது. 1965ஆம் வருஷச் சட்டம் ஹோட்டல்களில் நிறபேதத்தைத் தடுத்தது. குடியிருப்பு வீடுகளுக்கு 1968ல்தான் விமோசனம் வந்தது. இன்று ஹோட்டலில் நம்மவருக்கு இப்படிப்பட்ட அவமானம் நேர்ந்தால், வாய் பேசாமல் வெளியேற வேண்டியதில்லை; சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

ஏழைக்கு அறை என்பது வெள்ளையருக்கே அந்நகரில் பெரிய பிரச்னையாக இருந்திருக்கிறது. பிரதம மந்திரி டிஸ்ரேலியின் காரியதரிசியாக இருந்த ரௌட்டன் பிரபு, சொந்தப் பணத்தைப் போட்டு 1892ல் வாக்ஸாலில் தொழிலாளர் விடுதி ஒன்றைக் கட்டினார். இரவுக்கு 6 பென்ஸ். தனித்தனித் தடுப்பறை, சுத்தமான துணி, வெந்நீர், வாசகசாலை. நஷ்டமாகும் என்று எச்சரித்தவர்கள் ஏமாந்தார்கள். 1905க்குள் அப்படி ஆறு விடுதிகள் எழும்பின. லண்டன் கவுண்டி கவுன்ஸிலும் தன் பங்குக்குத் தொழிலாளர் விடுதிகளை நடத்திற்று. பிறகு நடந்ததைப் பாருங்கள். கேம்டனில் உள்ள ஆர்லிங்டன் ஹவுஸ் மட்டும் இன்றும் வீடற்றவர்களுக்கு இடம் தருகிறது. ஒயிட்சாப்பலில் இருந்த ரௌட்டன் விடுதியோ பணக்காரர் வாங்கும் குடியிருப்பாக மாறிவிட்டது. தேம்ஸ் நதிக்கரையில் கவுண்டி கவுன்ஸில் கொலுவிருந்த கவுண்டி ஹாலில் இப்போது ஹோட்டல்கள் நடக்கின்றன. ஏழைக்கு இடமளிக்கத் தீர்மானம் செய்த மாளிகையிலேயே இன்று அறைக்கு விலை கூறுகிறார்கள். கட்டடத்தின்மேல் பிழையில்லை, பொது நோக்கத்தோடு கட்டியதைப் பொது நோக்கத்தோடு காப்பதற்கு ஆளில்லாமற் போயிற்று.

தமிழருக்கு இக்கலை புதிதன்று. தஞ்சை மன்னர்கள் ராமேசுவர யாத்திரிகர்களுக்காகச் சாலை நெடுகச் சத்திரம் கட்டினார்கள். நகரத்தார் காசி வரையில் போய்ச் சத்திரம் நிறுவி நடத்தி வருகிறார்கள். அக்காலத்தில் நம்மவர் புண்ணியம் தேடிக் காசிக்குப் போனார்கள். இக்காலத்தில் வித்தை தேடி லண்டனுக்குப் போகிறார்கள். கோயில்களை அங்கே எழுப்பிய நமது தனவந்தர்கள் அவற்றை ஒட்டி ஒரு சத்திரத்தையும் எழுப்பக்கூடாதா? ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ இருபது அறை, ஒரு சமையற்கூடம், ஒருவருக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இடமில்லை என்ற நிபந்தனை, வாசலில் எல்லோரும் படிக்கும்படி கட்டணப் பலகை. இலவசம் வேண்டாம், செலவுக்குத் தக்க கட்டணம் போதும். செப்டம்பரில் புது மாணவருக்கும், ஜூலையில் பெற்றோருக்கும் முதலிடம்.

கட்டடம் எழும்பும் வரையில் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. நம்பகமான குடும்பங்களில் வாடகைக்கு விடும் அறைகளுக்கு அங்குள்ள சங்கங்கள் ஒரு ஜாபிதா வைத்துக்கொள்ளலாம். நமது கல்லூரிகளும் வெளிநாடு செல்லும் மாணவர்களுக்கு அதை ஏப்ரல் மாதத்திலேயே கொடுத்துவிடலாம். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு காரியதரிசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். லண்டனில் வசிக்கும் அன்பர்களும் சங்கத்தாரும் இவ்விஷயமாக எழுதியனுப்பும் யோசனைகளை இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். வாடகை விவரம், ஸ்டேஷனின் பெயர், நடை தூரம் இம்மூன்றையும் மறவாமல் குறிப்பிட வேண்டுகிறோம்.